நான் மாட்டிய கனத்த டயர்கள்

அந்த நாலு டயர்களையும் தேர்ந்தெடுத்தவன் நான்தான். தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லவில்லை. கடைக்காரர் என் தலையில் கட்டவுமில்லை. மாத்தளை டவுனுக்குப் போய், சுவரோரம் சாய்த்து வைத்திருந்தவற்றில் ஆகக் கனமானதைத் தட்டிப் பார்த்து, "இதுதான் வேணும்" என்று சொன்னது என் வாய். இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்வதில் பிரயோசனமில்லை.

ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் மலையில் ஒரு தனியார் தோட்டத்தில் நான் டிரைவர். அதற்கு முன் பதினொரு வருடம் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்தேன். தோட்டத்தின் கீழ்ப்பகுதியில் மிளகும் கராம்பும், மேலே தேயிலை. மேல் டிவிஷனில் வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள், இருபத்துச் சொச்சம் குடும்பங்கள். தேயிலை பெக்டரியிலிருந்து அங்கே மூன்று கிலோமீட்டர். பாதை என்று சொல்கிறோமே தவிர, எந்தக் காலத்திலோ பதித்த கற்களை மழை ஒவ்வொன்றாகக் கிளப்பிப் போட்ட சரிவு அது. டிராக்டர் இரண்டாவது வளைவுவரை போகும். அதற்கு மேல் உரமானாலும் அரிசியானாலும் ஆள் தலையில்தான் ஏறும்.

சீகிரியாப் பக்கம் உல்லாசப் பயணிகளைக் காட்டுப் பாதையில் ஓட்டவிட்ட ஓர் இடத்தை மூடியபோது, அங்கிருந்து தொரை ஒரு ஏ.டி.வி.யை வாங்கி வந்தார். மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற ஹாண்டில், நாலு பருத்த சக்கரங்கள், முன்னும் பின்னும் சாமான் கட்ட இரும்புத் தட்டு. தோட்டத்தில் அதை "நாலு சில்லு பைக்கு" என்றார்கள். என்னை நம்பித்தான் அதை ஒப்படைத்தார்கள். கொழுந்துச் சாக்கு, உரம், மருந்துப் பெட்டி, கால் வீங்கிய கிழவி, கூரைத் தகரம் என்று அதில் நான் ஏற்றாதது இல்லை. மூன்றாவது வளைவுதான் பாதையிலேயே செங்குத்தான இடம். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடும்.

ஒரே ஒரு தொல்லை, பஞ்சர். மலையில் உடைந்து கிடக்கும் வெள்ளைக் கல் கத்தி போல இருக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி அதைவிடக் கூர்மை. சுற்றுலாவுக்கு ஓடிய மெல்லிய டயர்கள் இரண்டையும் தாங்கவில்லை. ஒரு மாதத்தில் ஆறு தடவை பஞ்சர். ஒவ்வொரு தடவையும் கொழுந்து வெயிலில் வதங்கிக் கிடக்க, பெண்கள் சாக்கின்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கராஜில் கைவேலை சுத்தமானவன் என்று பேர் வாங்கியவனுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. தொரையிடம் சொன்னேன். "நல்லதா பாத்து எடு" என்றார்.

மாத்தளையில் எனக்குப் பழக்கமான டயர் கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் சேற்று டயரைத் தொட்டதும் அவர் முகம் மாறியது.

"தம்பி, நான் செல்றத கேளுங்க. இது நல்ல டயர். கல்லு முள்ளு ஒண்டும் செய்யாது. ஆனா உங்கட மெசினுக்கு இது பாரம்."

"நாலு மூட்டை ஏத்துனாலே இழுக்குது நானா. இது என்னா பெரிய பாரம்?"

"மேல ஏத்துற பாரம் வேற, சில்லுல இருக்கிற பாரம் வேற. மேல இருக்கிறத மெசின் தூக்கினா காணும். சில்லுல இருக்கிறத தூக்கவும் வேணும், சுத்தவும் வேணும், பொறகு நிப்பாட்டவும் வேணும்."

கடைக்குள் அதே டயரை மாட்டி ஒரு ஸ்டாண்டில் பொருத்தியிருந்த சக்கரத்தைக் காட்டி, கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். சுற்றினேன். முதலில் அசையவே யோசித்தது, பிறகு வேகம் பிடித்தது. "இப்ப நிப்பாட்டுங்க" என்றார். உள்ளங்கையை வைத்தேன். தோல் எரிந்தது. அவர் சொல்ல வந்தது எனக்கு விளங்காமல் இல்லை. கனம் முழுவதும் அச்சிலிருந்து தள்ளி, விளிம்பில் இருக்கிறது. அங்கே கூடும் ஒவ்வொரு கிலோவும் எஞ்சினை இரண்டு கிலோவாக இழுக்கும். ஆனாலும், "மலையில ஓட்றவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றேன். நானா பில் புத்தகத்தை எடுத்தார்.

டயர்களைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த அன்று, கொழுந்து நிறுக்கும் தராசில் பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் தொங்கவிட்டேன். எனக்கு ஒரு பெருமை, எல்லோரும் பார்க்கட்டும் என்று. பழையது ஒன்பது கிலோ, புதியது பதினைந்து. கொழுந்துக் கூடையோடு வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மேல் டிவிஷன்காரி, நாற்பது வயதிருக்கும். எந்த வரிசையில் நின்றாலும் அவள் குரல்தான் முதலில் கேட்கும். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். எங்கள் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுநாள் வேலையாகப் பதிவார்கள், அதை முழுப்பேர் என்பார்கள்.

"இன்னும் மூணு கிலோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க அண்ணே, டயருக்கும் முழுப்பேரு போடலாம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு பஞ்சர் என்ற பேச்சே இல்லை. வெள்ளைக் கல்லின்மேல் ஏற்றி இறக்கினேன், தேயிலைக் குச்சியை மிதித்துக்கொண்டு போனேன், ஒன்றும் ஆகவில்லை. மழை நாளில் சேற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு ஏறியது. தொரை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார்.

வேறு மாற்றங்களும் இருந்தன. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முன்பு துள்ளிப் பாய்ந்த வண்டி, இப்போது ஒரு கணம் தயங்கியது. ஹாண்டில் கனத்தது. சாயங்காலம் தோள்பட்டை கடுத்தது, தைலம் தேய்க்கும்போது மனைவி என்னவென்று கேட்டாள், வயசு என்றேன். கல்லில் ஏறிய சக்கரம் உடனே தரையில் படியாமல் எகிறிக் குதித்தது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போய் நின்றது. பெட்ரோல் கூடுதலாகக் குடித்தது. எல்லாவற்றையும்விட, பாரத்தோடு மூன்றாவது வளைவில் ஏறும்போது இலேசாக ரப்பர் கருகும் வாசனை வந்தது. எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட். அது வழுக்கினால்தான் அந்த வாசனை வரும். பதினொரு வருடம் கராஜில் இருந்தவனுக்கு அது தெரியாமல் போகாது. எல்லாவற்றையும் கவனித்தேன். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை. மெதுவாக ஏறினால் வாசனை வராது, ஆகவே மெதுவாக ஏறினேன். அப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது.

அன்று காலை பதினொரு மணியிருக்கும். இரண்டு நாள் மழை விட்டு நல்ல வெயில். பெக்டரி முற்றத்தில் வண்டிக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. மேல் மலையில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்.

"அண்ணே, குளவி கலைஞ்சிருச்சு! எல்லாத்தையும் கொட்டிருச்சு! சீக்கிரம் வாங்க, அவளுக்கு மூச்சு விட முடியல!"

யாருக்கு என்று கேட்டேன். தராசடியில் சிரித்தவளின் பெயரைச் சொன்னாள்.

மூன்றாவது வளைவைத் தாண்டி வரும் ஓடைக்கு மேலே நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தில் குளவிக்கூடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். பருந்து அடித்ததோ காற்று அசைத்ததோ தெரியாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கும் மருந்துக்காரர் அன்று பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். அவருக்குப் போன் போட்டுப் பெக்டரிக்கு வரச் சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பினேன்.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு. வாழ்க்கையில் ஒரு நாளும் அந்தப் பாதையில் அவ்வளவு வேகமாக நான் ஓட்டியதில்லை. கனத்த சக்கரங்கள் கல்லுக்குக் கல் எகிறின. ஒவ்வொரு எகிறலுக்கும் நான் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது, குறைத்ததைத் திரும்பவும் எழுப்ப வேண்டியிருந்தது. எழும்ப அவை மறுத்தன. நான் இன்னும் முறுக்கினேன். மூன்றாவது வளைவின் பாதியில் கருகல் வாசனை குப்பென்று வந்தது. எஞ்சின் அலறியது. சக்கரம் நின்றுவிட்டது.

லோ கியரில்தான் இருந்தேன். திரும்பவும் முறுக்கினேன். இருக்கைக்குக் கீழிருந்து புகை வந்தது. அதற்கு மேல் முறுக்கினால் பெல்ட் அறுந்துவிடும், அறுந்தால் வண்டி அங்கேயே கிடக்கும். அணைத்தேன். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு நின்றேன். ஓடிப் போகலாமா என்று நினைத்தேன். ஓடிப் போய் என்ன செய்வது? அவளைத் தூக்கிக்கொண்டு இறங்க வண்டிதானே வேண்டும்? பெல்ட் ஆறவேண்டும். பாட்டிலில் இருந்த தண்ணீரைப் பெல்ட் மூடியின்மேல் ஊற்றினேன். போன் திரும்பவும் அடித்தது. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றேன். எட்டு நிமிடம் அங்கே நின்றேன். நிமிடத்தைப் போனில் பார்த்துக்கொண்டே இருந்ததால் நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு கிளப்பி, நடக்கும் வேகத்தில், வண்டியைக் கெஞ்சுகிற மாதிரி மெல்ல மெல்ல முறுக்கி, ஏறினேன். ஏறியது.

ஓடைக்கரைப் பாறையில் பெண்கள் தலையில் சாக்கைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேருக்குக் கொட்டியிருந்தது. ஆறு பேருக்கு முகமும் கையும் வீங்கியிருந்தன, அழுதார்கள், பேசினார்கள். அவள் படுத்திருந்தாள். உதடும் கண்ணிமையும் வீங்கி, முகம் யாருடையதோ போல இருந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் போல ஒரு சத்தம். என்னை இருக்கையின் முன்னோரத்துக்கு ஒதுக்கி, எனக்குப் பின்னால் அவளைச் சாய்த்தார்கள். போன் செய்த பெண் பின் தட்டில் ஏறி அவளை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். கொட்டு வாங்கியவளின் தலை என் முதுகில் இருந்தது.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். மூன்று பேருடைய கனத்தோடு அந்த நாலு சக்கரங்களும் உருள ஆரம்பித்தால், பிடித்த பிரேக் பிடித்தபடியே இருக்க வண்டி வழிந்துகொண்டே போகும். வேகமாக விட எனக்குத் துணிவில்லை. ஊர்ந்தேன். பின்னாலிருந்த பெண், "வேகமா போங்கண்ணே, வேகமா போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெக்டரியில் மருந்துக்காரர் ஊசியோடு நின்றார். ஏற்றினார். தோட்டத்து வேனில் படுக்கவைத்து அவரும் ஏறிக்கொண்டார். வேன் கேட்டைத் தாண்டிப் போனது.

மூன்று மணிக்குச் செய்தி வந்தது. நான் அப்போது வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். டயரின் பல்லிடுக்குகளில் அடைத்திருந்த சேற்றைக் குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ வந்து சொன்னார்கள். குச்சியைக் கீழே போடாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

மறுநாள் செத்த வீட்டுக்கு, ஆட்கள் உட்காரக் கதிரைகளையும் வாசலில் நிழலுக்குக் கட்டப் படங்கையும் நான்தான் மேலே கொண்டுபோனேன். மெதுவாக ஏற்றினேன், துளி வாசனைகூட வரவில்லை. லயத்து வாசலில் கூட்டம். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். "பாவம், உயிரைக் கையில புடிச்சிக்கிட்டு ஓட்டுனாரு" என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. இறந்தவளின் கணவர் எழுந்து வந்தார். கவ்வாத்து வெட்டுகிறவர், என்னைவிட இரண்டொரு வயது இளையவர். அதிகம் பேசாத மனிதர். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லாட்டி அவ மலையிலயே போயிருப்பா அண்ணே. ஆஸ்பத்திரி வரைக்குமாவது போனா. அது போதும்."

அந்தக் கைகளை எப்படி விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மருந்துக்காரரிடம் போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"பத்து நிமிசம் முந்தி கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாது. சில பேருக்கு அஞ்சு நிமிசத்துலயே முடிஞ்சிரும். சில பேரு மணிக்கணக்கா தாங்குவாங்க. பொழைச்சிருப்பாங்கன்னும் சொல்ல முடியாது, பொழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது. ஏன் கேக்குறீங்க?"

சும்மா என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலையில்லை. பெக்டரிக்குப் பின்னால் பழைய டயர்கள் கிடந்தன. பஞ்சர்களை ஒட்டி, காற்றடித்து வைத்தேன். முதலில் கனத்த டயர்களோடு, அன்று போலவே தட்டில் பாரமில்லாமல், அவசரப்படாமல் ஓடை வரை ஏறினேன். பதினாலு நிமிடம். இறங்கி வந்து, நன்றாக ஆறவிட்டு, அன்று போல வேகமாக ஏறினேன். அதே மூன்றாவது வளைவில், அதே வாசனையோடு நின்றது. நின்ற இடத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதையில் யாரும் இல்லை.

பிறகு பெல்ட்டை மாற்றினேன். பழையதைக் குறைசொல்ல இடமிருக்கக்கூடாது என்று கனத்த டயர்களோடே புதுப் பெல்ட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். வழுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன். கடைசியாகப் பழைய டயர்களை மாட்டி ஏறினேன். வண்டி யாரோ கட்டை அவிழ்த்துவிட்டது போலப் பாய்ந்தது. கல்லில் ஏறிய சக்கரம் உடனே தரையைப் பிடித்தது. மூன்றாவது வளைவை ஒரே மூச்சில் தாண்டியது. எட்டரை நிமிடத்தில் ஓடைக்கரையில் நின்றேன். பஞ்சர் ஆகவில்லை.

அன்று அந்த டயர்கள் இருந்திருந்தால் பஞ்சர் ஆகியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆகியிருக்கலாம்தான். பஞ்சர் ஆனாலும் காற்றில்லாத டயரோடு உருட்டிக்கொண்டு போயிருப்பேன் என்று மனதின் இன்னொரு பக்கம் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, ஒரு மத்தியானம் அவள் கணவரிடம் போனேன். லயத்துக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடரியைச் சாய்த்துவிட்டு, உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். டயர்க்கடை நானா எச்சரித்தது, நான் கேட்காதது, கருகல் வாசனை, யாரிடமும் சொல்லாதது, எட்டு நிமிடம், மருந்துக்காரரிடம் கேட்டது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தது. எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு இலகுவானது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் பிளந்த விறகைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் காலடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து அடுக்கில் வைத்தார்.

"மருந்துக்காரரு என்னா சொன்னாரு?"

"தெரியாதுங்கிறாரு."

"அப்ப ஒங்களுக்கும் தெரியாது."

"தெரியாது."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா, குளவின்னு மட்டும் நெனச்சிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "குளவிய ஒண்ணும் செய்ய ஏலாது. மனசு அப்புடியே அடங்கியிருக்கும். இப்ப ஒவ்வொரு நாளும் நான் அந்த வளைவத் தாண்டித்தான் வேலைக்குப் போகணும்."

கோடரியை எடுத்தார். நான் திரும்பி நடந்தேன். பின்னால் விறகு பிளக்கும் சத்தம் கேட்கவில்லை.

நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய்யான நன்றியை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை என்பது உண்மை. அதைச் சொன்னது என் வசதிக்காகவா, அவருக்காகவா?

தொரையிடமும் சொன்னேன். அவர், "என்னா செய்யணும்னு சொல்லு" என்றார். கனத்த டயர்களைக் கழற்றினேன். திரும்பவும் நானாவின் கடைக்குப் போனேன். நடந்ததைக் கேட்டு அவர் கண்ணை மூடி, மெல்ல எதையோ ஓதினார். "நான் அண்டைக்கு செல்லிட்டேன்" என்று அவர் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அதைச் சொல்லவேயில்லை. வண்டியின் புத்தகத்தைப் பார்த்து, அதற்கென்றே சொல்லியிருந்த அளவிலும் கனத்திலும் நாலு டயர் எடுத்துத் தந்தார். பஞ்சர் ஒட்டும் திரியும் ஒரு கால் பம்பும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மருந்துக்காரரிடம் பேசி, கொழுந்து மலையில் ஆள் நிற்கும் நாட்களில் அவருடைய ஊசிப்பெட்டி ஒன்று மேல் டிவிஷன் பிள்ளைக் காம்பராவில் இருக்க ஏற்பாடு செய்தோம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஊசி போடப் பழக்கினார்.

பஞ்சர் திரும்பவும் வர ஆரம்பித்தது. பெண்கள் சாக்கின்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று குனிந்து ஒட்டினேன்.

அவள் கணவர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். வண்டிச் சத்தம் கேட்டால் பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கிவிடுவார். நான் தாண்டிப் போன பிறகு திரும்பவும் பாதைக்கு வருவதைக் கண்ணாடியில் பார்ப்பேன். மூன்று மாதம் இப்படிப் போனது.

கராம்பு பறிக்கும் காலம் வந்தது. ஓடைக்கு அப்பால் பழைய கராம்பு மரங்கள் சில நிற்கின்றன. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நான் இரண்டாவது வளைவில் உரம் இறக்கிக்கொண்டிருந்தபோது, மேலிருந்து அவள் கணவர் ஓடி வந்தார். நேராக என்னை நோக்கித்தான் வந்தார்.

"கராம்பு பறிச்ச ஆளு மரத்துல இருந்து விழுந்துட்டாரு. எந்திரிக்க முடியல. வாங்க."

நான் ஹாண்டிலைத் திருப்புவதற்குள் பின் தட்டில் ஏறிக்கொண்டார். மூன்றாவது வளைவில் முறுக்கினேன். வண்டி ஏறியது. என் தோளைப் பிடித்திருந்த அவருடைய கை அந்த இடத்தில் இறுகியது. வளைவு தாண்டியும் அவர் கையைத் தளர்த்தவில்லை.

விழுந்தவருக்கு இடுப்பு எலும்பில் அடி. ஒரு பலகையை வண்டியின் ஒரு பக்கமாக, பின் தட்டிலும் முன் தட்டிலும் கட்டி, அதில் அவரைக் கிடத்தி, கயிற்றால் இறுக்கினோம். நான் மறுபக்கம் ஒதுங்கி உட்கார்ந்து ஓட்ட, அவள் கணவர் பக்கத்தில் நடந்தும் ஓடியும் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது, சொன்ன இடத்தில் அசைந்தது. இரண்டாவது வளைவுக்குக் கீழே பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. வெள்ளைக் கல்.

நான் திரியை எடுத்தேன். அவர் ஒரு கையைக் கிடந்தவரின் மார்பில் வைத்துக்கொண்டு, காலால் பம்பை மிதித்தார். ஆறு ஏழு நிமிடத்தில் கிளம்பினோம். கீழே வேன் தயாராக நின்றது. விழுந்தவர் இன்று கைத்தடியோடு நடக்கிறார், கராம்பு மரத்தில் ஏறுவதில்லை.

வேன் போன பிறகு நாங்கள் இருவரும் பெக்டரிக் குழாயில் முகம் கழுவினோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அண்ணே, அன்னைக்கு எறங்குறப்ப அவ ஏதாச்சும் பேசுனாளா?"

யாரும் என்னிடம் அதுவரை அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது சொல்லத் தக்க பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

"ஒரே ஒரு தடவ. செருப்பு விழுந்திருச்சு அண்ணேன்னாங்க. பொறகு எடுத்துக்கலாம் தங்கச்சின்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"செருப்பா?"

"ஆமா. ஒத்தச் செருப்பு."

"எந்த எடத்துல?"

"மூணாவது வளைவுக்குக் கீழ. சின்ன மதகு இருக்கே, அதுக்கு இந்தப் பக்கம்."

அவர் தலையை ஆட்டினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மேலே கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, பாதையோரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்து ஏறினார். இடையில் எத்தனையோ மழை பெய்திருந்தது. கிடைத்ததா இல்லையா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் கொழுந்துச் சாக்கு ஏற்றப் போனபோது, அவர் தேயிலைக்குள் இறங்காமல் பாதையிலேயே நின்று, வண்டி போக ஓரமாக ஒதுங்கினார்.